பின்னறைக் காற்றழுத்தமானி

விமானத்தோடு பேசுவது புருஷன் வேலை, அதில் வந்தவர் போனவர் பற்றிப் பேசுவது பெண்டாட்டி வேலை என்று அந்தக் குடியிருப்பில் ஒரு கிண்டல் உண்டு. அவர் சின்ன விமான நிலையத்து ரேடியோக்காரர். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் வாய் திறக்கமாட்டார். மிச்சத்தையெல்லாம் அவள் பேசித் தீர்ப்பாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் 'ஒலிபரப்பு'.

மழையும் மேகமுமாய் மூடிக்கிடந்த ஒரு மதியம், எதிர்வீட்டு பைலட் தனியாக ஓட்டிவந்த பார்சல் விமானம் குன்றில் மோதி நொறுங்கியது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் கருவிகளை நம்பித்தான் இறங்கிக்கொண்டிருந்தார். ஆள் பிழைக்கவில்லை.

ஒலிபரப்புக்கு வாய் சும்மா இருக்குமா? "முந்தின ராத்திரி அந்த வீட்ல விடிய விடிய லைட்டு. குடியோ என்னவோ, நமக்கெதுக்கு வம்பு" என்று நாலு வீட்டில் சொன்னாள். தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் 'என்னவோ' உதிர்ந்து குடி மட்டும் மிஞ்சியது.

ஆனால் சந்தேகம் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார். பின்னறைச் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்தமானியைக் காணோம். அலமாரியைக் குடைந்தாள். அவர் சட்டைகளுக்கு அடியில், துண்டில் சுற்றி இருந்தது.

அது ஆபீஸில் கழித்துப் போட்ட பழசு. ஆபீஸில் இருந்த புதுசோ மழை வந்தால் மக்கர் பண்ணும். அப்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "முள்ளு எங்க இருக்கு?" என்பார். முள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவள் கண்ணாடியைத் தட்டி, அசைந்து நின்ற பிறகு எண்ணைச் சொல்வாள். அவர் அதை ரேடியோவில் சொல்ல, பைலட் அந்த எண்ணைத்தான் தன் உயரக் கருவியில் வைப்பார். மழை வலுக்க வலுக்கக் காற்றழுத்தம் குறைந்து முள் இறங்கிக்கொண்டே போகும். எண் கூடிப்போனால், விமானம் இருப்பதைவிட உயரத்தில் பறப்பதாக அந்தக் கருவி காட்டும்.

"இதை எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வீட்ல கேட்டுச் சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்." அவள் முகத்தையே பார்த்தார். "அன்னைக்கு தட்டிப் பாத்துத்தானே சொன்னே?"

"தட்டாம பின்ன?"

தட்டியது உண்மைதான், காலையில். அவர் போன் போட்டது மதியம்.

"அப்ப அளவு சரி. தப்பு அவருதுதான்" என்றார். நம்பிச் சொன்னாரா, நம்ப ஆசைப்பட்டுச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊர் முகமெல்லாம் படிக்கத் தெரிந்தவளுக்குச் சொந்தப் புருஷன் முகம் படிக்க வரவில்லை.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பைலட் மனைவி வந்தாள். உட்காரவில்லை.

"அவர் குடிச்சிருந்தாரான்னு விசாரணைக்காரர் என்னைக் கேக்கறார், அக்கா. புள்ளைக்குக் காய்ச்சல்னு முழிச்சிருந்த வீடு எங்களுது. இப்படியே முடிச்சுட்டாங்கன்னா, குடிகாரன் புள்ளைன்னுதானே அவன் வளரணும்?"

"நான் என்னத்தைக் கண்டேன்? யாரோ சொன்னாங்க..."

"நீங்க காணாததா? அன்னைக்கு மதியம் நான் எங்க அண்ணன்கூட கேட்ல நின்னதையும் 'யாரோ ஒருத்தன்'னு சொல்லியிருக்கீங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டு ஜன்னல்லயே நின்னீங்களே. எடுத்ததுலேருந்து வச்ச வரைக்கும் ஒரு அடி நகரலை. மேல அவர் விமானச் சத்தம் கேட்டுச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

ஷூ மாட்டிக்கொண்டிருந்த ரேடியோக்காரரின் கை நின்றது.

"அது நான் போட்ட போனும்மா" என்றார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "ஜன்னல்லேருந்து பின்னறை தெரியாதே."

"என்ன பின்னறை, அண்ணே?"

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறந்து, துண்டைப் பிரித்து, காற்றழுத்தமானியை மேஜைமேல் வைத்தார். "நீயே சொல்லு."

அவள் சொன்னாள். எந்த வீட்டுக் கதையையும் இவ்வளவு மெதுவாக அவள் சொன்னதில்லை. போன் வந்தபோது கேட்டருகே நின்றவன் யாரென்று பார்க்கும் அவசரத்தில், உள்ளே போகாமல் காலை எண்ணையே ஒப்பித்ததையும் சொன்னாள்.

பைலட் மனைவி அழவில்லை. "சரியான எண் சொல்லியிருந்தா?" என்று அவரைக் கேட்டாள்.

"குன்றைத் தாண்டியிருப்பார்."

பைலட் மனைவி காற்றழுத்தமானியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"விசாரணைக்காரர் ஆபீஸ்லதான் இருக்கார். ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றாள்.