வெள்ளிக்கிழமைக் கஞ்சி

தாராவியில் எங்கள் கன்னியர் மடம் சிறியது. ஐந்து சிஸ்டர்கள், ஒரே அடுப்பு. அந்த அடுப்பு என் பொறுப்பு. வருகிறவர்களைக் கவனிப்பது சிஸ்டர் ஜெபாவின் பொறுப்பு.

தவக்காலத்தில் எங்களுக்கு ஒருசந்தி. இரவில் மட்டும்தான் சாப்பாடு. ஆனால் விருந்தாளி தனியாக உண்ணக்கூடாது, ஒரு சிஸ்டர் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது மடத்து வழக்கம். இதைப் பிடித்துக்கொண்டாள் ஜெபா. சிலிண்டர் போடுகிறவர், கேபிள்வாலா, வழி கேட்டு நின்றவர் எல்லாரையும் மதியம் உள்ளே அழைத்துவந்தாள். தவக்காலத்தில் பெருத்த கன்னியாஸ்திரீ அவள் ஒருத்திதான். மீன் பொரித்துப் பொரித்து நான்தான் வெந்தேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் மதர் பிலோமி சொல்லிவிட்டார். "இனி தெருவுல போறவங்கள இழுத்துட்டு வரப்படாது. தானா வந்தாத்தான் விருந்தாளி."

மதியம் தானாகவே வந்தாள் நஸீரா, எங்கள் அங்கிகளைத் தைக்கிறவள். ஜெபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு தட்டு போட்டு, செபத்தை ஒரே மூச்சில் முடித்து, மீனில் கை வைத்துவிட்டாள்.

"சிஸ்டர், எனக்கு நோம்புல்லா?"

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். ஜெபாவுக்கு ரம்ஜான் மாதமே பறந்து போயிருந்தது. பின்னால் மதர் நின்றார்.

"விருந்தாளி எப்பச் சாப்பிடுதாங்களோ அப்ப நீயும் சாப்பிடு. நஸீரா, நோம்பு தொறக்க இங்க வந்துரும்மா."

மீன் சட்டிக்குத் திரும்பியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் நஸீரா தூக்குச்சட்டியோடு வந்தாள். மசூதியில் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, நோன்புக் கஞ்சியைத் தனக்கும் ஜெபாவுக்கும் கிண்ணங்களில் ஊற்றினாள். நிறைய ஆட்டுக்கறி. தவக்கால வெள்ளியில் கறி எங்களுக்கு ஆகாது. பகலெல்லாம் பட்டினி கிடந்த ஜெபாகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நஸீரா எதையும் கவனிக்கவில்லை. "அவுக துபாய் போனதுலேருந்து நோம்பு தொறக்க ஒத்தையிலதான் உக்காருதேன். ஒரு வாய் எறங்க மாட்டேக்கு. இன்னைக்கு ஆள் இருக்குல்லா, அதான் கறி போட்டேன்."

ஜெபா இழுத்துவந்த அத்தனை பேரில் தனியாக உண்கிறவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

மதர் கிண்ணத்தைப் பார்த்தார், நஸீராவைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜான்சி, எல்லாருக்கும் கிண்ணம் எடு," என்றார் என்னிடம்.

"மதர், இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் ஜெபா மெதுவாக.

"தெரியும். ஆறிப்போகுது பாரு."

சட்டி காலியாயிற்று. மதர் எலும்பைக்கூட விடவில்லை.

மறுநாள், கறி தின்றதைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றோம். மதர் மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சொல்ல என்ன இருக்கு?" என்றார்.