இருபத்து நாலாம் விளக்கு

கிடங்கின் குளிர் அறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்ததிலிருந்து அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. உள்ளே போனவர் வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் போனை எடுப்பார். முன்னறையில் ஆபரேட்டரின் போர்டில் பதினேழாம் விளக்கு எரியும். அவள் ஆளனுப்பிக் கதவைத் திறக்கச் சொல்வாள். கைப்பிடியை மாற்றச் சொன்னாலே மேனேஜர், "அதான் போன் இருக்கே" என்பார்.

அன்று அந்தப் போனுக்குத்தான் உயிர் வருவதும் போவதுமாக இருந்தது. உள்ளே போய் வருகிறவர் ஆபரேட்டரின் கணவர்.

பழுது பார்க்க வந்தவன் அவள் தம்பி. போனைக் கழற்றி வந்து அவள் மேஜையில் மாட்டினான். பளிச்சென்று வேலை செய்தது.

"போன்ல கோளாறு இல்லக்கா. ஒண்ணு வயரு, இல்ல இந்தச் சுவத்துப் பெட்டிக்குள்ள அந்த லைனுக்கு இருக்கற கார்டு."

"சீக்கிரம் பாருடா. லாரிக்காரன் உங்க மாமா கழுத்துல கத்தி வச்ச மாதிரி நிக்கறான்."

"மாமா கழுத்துல வச்சா கத்திதான் மழுங்கும்."

சிரித்துக்கொண்டே சுவர்ப் பெட்டியைத் திறந்து குளிர் அறை வயரையும் வேறொரு வயரையும் இடம் மாற்றிச் சொருகினான். சந்தேகமான வயரை வேலை செய்யும் கார்டில் மாட்டிப் பார்ப்பது அவர்கள் தொழிலில் முதல் சோதனை. பிறகு போனை எடுத்துக்கொண்டு போனான். "போன்ல திரை எரியுது மாமா! தைரியமா போங்க!" என்று அவன் கத்துவது நடைவழியில் கேட்டது. கனமான கதவு மூடிக்கொள்ளும் ஓசையும் கேட்டது. புது கார்டு எடுக்க அவன் தன் வண்டிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் இருபத்து நாலாம் விளக்கு எரிந்தது. அது கிடங்கு எழுத்தருடையது. எடுத்தால் ஊர்க்கதை முழுவதும் ஓடும் என்பதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர்.

'கத்திட்டுக் கிட ரேடியோ' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வெளி அழைப்புகளைக் கவனித்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் கண்ணெல்லாம் பதினேழின் மேல். அது இருட்டாகவே இருந்தது. இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரேடியோ வந்து நின்றார். "என்னம்மா, என் போனு செத்துக் கெடக்குது. உன் தம்பிக்கு என் மேல என்ன கோவம்?"

"செத்துச்சா? இவ்வளவு நேரம் விடாம அடிச்சீங்களே!"

"நானா? நான் லாரிகிட்ட இல்ல நின்னேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இருபத்து நாலு எரிந்துகொண்டிருந்தது.

வயரோடு எண்ணும் இடம் மாறியிருக்கிறது; இருபத்து நாலில் கூப்பிடுவது குளிர் அறை. தம்பி அதைச் சொல்லாமல் போயிருக்கிறான். அவள் அழைப்பை எடுத்தாள். மின்விசிறியின் இரைச்சல். அதற்கடியில் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை. ரிசீவரை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள்.

கதவை இழுத்துத் திறந்தபோது கணவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு மெல்லிய புகையாக வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளை அடையாளம் கண்ட மாதிரி தெரியவில்லை.

"என்னங்க, நான்தாங்க. எழுந்திரிங்க."

காதோடு ஒட்டிப் பிடித்திருந்த ரிசீவரை அந்த விரல்கள் விடவில்லை. அதற்குள்ளிருந்து, அவள் மேஜையருகே நிற்கும் ரேடியோவின் குரல் கேட்டது.

"ஹலோ, யாரு? பேசுங்களேன்."

அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.