அண்டாவுக்கு எண் போட்டவர்

கண்ணாயிரத்துக்கு எண் போடும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த அந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு அவர்தான் எழுத்தர், கிடங்குப் பொறுப்பும் அவருக்குத்தான். பள்ளியின் உடைமை ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுத வேண்டும், மார்ச் மாதம் அதிகாரி வந்து எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பார் என்று வேலூரிலிருந்து சுற்றறிக்கை வந்ததோ இல்லையோ, மனிதர் பிரஷ்ஷும் கையுமாகக் கிளம்பிவிட்டார். மேசை, நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு, மணி, மணியடிக்கிற கட்டை வரைக்கும் எண். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அவர் முதுகிலும் ஒன்று விழும் என்று கேலி செய்தார்கள்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எண்பத்திரண்டாம் வருஷத்து மார்ச் அது. மனைவி வெள்ளையம்மாளையும் பெண் குழந்தையையும் ஒடுகத்தூரில் விட்டுவிட்டு அவர் மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "இந்த நம்பர் போடற முறைய ஒழுங்கா நடத்திக் காட்டுங்க, கீழ மாத்தல் போட்டுடலாம்" என்று அதிகாரி ராஜாக்கண்ணு வாக்குக் கொடுத்திருந்தார். போன முறை வீட்டுக்குப் போனபோது மகள் அவரைக் கண்டு, யாரோ ஆள் வந்துவிட்டான் என்று வீறிட்டு அழுதாள். அந்த அழுகை அவர் காதைவிட்டுப் போகவே இல்லை.

சமையற்கட்டுக்கு மட்டும் அவர் எண் போடக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. அங்கே மாதம்மாள் ராஜ்யம். பக்கத்து மலையூர்க்காரி, வருஷக்கணக்காகத் தற்காலிகச் சமையல்காரி. அவளை நிரந்தரம் ஆக்கும் கோப்பு அதே ராஜாக்கண்ணுவின் மேசையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. புருஷன் இல்லாத குடும்பம். அந்த உத்தரவு வந்தால்தான் அவளுக்கு மூச்சு.

"சோறு ஆக்கற அண்டாவுக்கு இன்னாத்துக்கு சார் பொட்டு?" என்று கேட்டாள்.

"பொட்டு இல்லம்மா, நம்பரு. இது இருந்தாத்தான் அண்டா நம்மளுது."

"இது இல்லாதப்பவும் நம்மளுதாத்தானே இருந்திச்சு?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்டாக்கள், தவலைகள், குண்டான்கள் எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே அழகாக எழுதி முடித்தார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், கண்ணாயிரம் சமையற்கட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "மாதம்மா, நாளைக்கு வேலூர்லேந்து பெரியவரு வர்றாரு. பாத்திரமெல்லாம் பளிச்சுனு இருக்கணும், தெரிதா?"

தெரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

வெளியூரிலிருந்து ஆள் வருகிறது என்றால் கரியேறின பாத்திரத்தைக் கண்ணில் காட்டுவது மலையில் மானக்கேடு. அது புளியடிக்கிற காலமும்கூட. மாதம்மாள் வீட்டிலிருந்து ஒரு முறம் புதுப்புளி கொண்டுவந்து, செங்கல் பொடியும் தேங்காய் நாருமாக, பொங்கலுக்குத் தேய்ப்பதைவிட ஒரு படி மேலாகத் தேய்த்துத் தள்ளிவிட்டாள். காலையில் கண்ணாயிரம் போய்ப் பார்த்தபோது பாத்திரங்கள் முற்றத்து வெயிலில் கவிழ்ந்து தங்கமாக மின்னின. ஒன்றிலாவது எண் இருக்கவேண்டுமே! மருந்துக்கும் இல்லை.

பெயின்ட் டப்பாவைத் தேடி ஓடினார். அது காய்ந்து கட்டையாகக் கிடந்தது. மலைப்பாதையில் பஸ் திரும்பும் ஹாரன் அதற்குள் கேட்டுவிட்டது.

ராஜாக்கண்ணு கெட்ட மனிதர் அல்ல. வகுப்பறை, விடுதி, கிடங்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், முற்றத்தில் நின்றார். ஒரு அண்டாவைச் சுற்றி வந்தார். குனிந்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"நம்பர் எங்கய்யா?"

கண்ணாயிரம் விளிம்புக்குக் கீழே கைகாட்டி, "இங்கதாங்க போட்டிருந்தேன், தேய்ச்சதுல போயிடுச்சு" என்றார்.

"அடையாளத்த அழிச்சவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு விதியிருக்கு. யார் தேய்ச்சது?"

'சமையல்காரி' என்று ஒரு சொல் போதும். பொய்கூட இல்லை. அடுத்த மாதம் ஒடுகத்தூரில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போகலாம். அவர் திரும்பிப் பார்த்தார். மாதம்மாள் புளியேறின விரல்களை முந்தானையில் துடைத்தபடி, யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார்களா என்று சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

அந்த நேரத்தில் அவருக்கு வெள்ளையம்மாள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. மாமனார் பெயர் உளியால் வெட்டியிருக்கும். எத்தனை தேய்ப்புத் தேய்த்தும் ஒரு எழுத்துப் போகவில்லை. அடுப்பிலேறும் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டத்தான் வேண்டும் என்பது ஒடுகத்தூர் பாத்திரக்கடை வாசலில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். தனக்கும் தெரியும். சுற்றறிக்கையில் பெயின்ட் என்றிருந்தது, தீட்டிவிட்டோம். சீக்கிரம் முடிந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. இதைத் தினம் தேய்க்கப் போகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு தடவையாவது நினைத்தோமா? அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தேய்க்கிறது அந்தம்மா வேலைங்க. பளிச்சுனு வையின்னு சொன்னதும் நான்தான். தேய்ச்சாப் போற நம்பரப் போட்டது என் தப்புங்க."

"சுற்றறிக்கையே பெயின்ட்டுன்னுதானே சொல்லுது?"

"மேச நாற்காலிக்கு அது சரிங்க. அண்டாவுக்கு ஆவாது. அது எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் தீட்டினேன்."

ராஜாக்கண்ணு பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். "அப்ப பாத்திரத்துக்கு முறை இன்னும் அமலாகலைன்னுதான் எழுத முடியும். உளியால வெட்டி முடிங்க. அடுத்த மார்ச்சுல வந்து பாக்கறேன். உங்க மாத்தல்..."

"புரியுதுங்க."

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ராஜாக்கண்ணு இன்னொரு முறை முற்றத்தைப் பார்த்தார். "அந்தம்மா கோப்ப அனுப்பிடறேன். சர்க்கார் பாத்திரத்த இவ்ளோ நல்லா வெச்சிருக்கறத நான் எங்கயும் பாக்கல" என்றார்.

பஸ் போனதும் மாதம்மாள் ஓடிவந்தாள். "இன்னா சார் சொன்னாரு?"

"பாத்திரம் நல்லாருக்குன்னாரு. உன் உத்தரவும் வந்துடும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த வருசமும் வருவாரா?" என்றாள்.

"வருவாரு."

"இன்னும் நல்லாத் தேய்ச்சு வெக்கிறேன். ஆனா நீங்கதான் இருக்கமாட்டீங்க. பாப்பாகிட்ட போயிடுவேன்னு சொன்னீங்களே சார்?"

மகள் இனி நன்றாகவே பேசத் தொடங்கிவிடுவாள், அந்தப் பேச்சையும் யாரோ சொல்லித்தான் கண்ணாயிரம் கேட்க வேண்டும். சட்டென்று குனிந்து, ஒரு குண்டானை எடுத்து, எங்கே உளி வைக்கலாம் என்று விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இருப்பேன் மாதம்மா. நீ எவ்ளோ வேணாத் தேய். இனிமே போவாது."