ரம்பச் சத்தம்

காலையில் எலிசெயோ கதவைத் திறந்தபோது மழையில் நனைந்தபடி அண்ணி ஓர்தென்சியா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னான், வரவில்லை. நேற்று மத்தியானம் காட்டுக்குள் போன அண்ணன் அர்துரோ இன்னும் திரும்பவில்லை என்று மட்டும் சொன்னாள். எதற்குப் போனான் என்று அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல குளிர்காலம் ஆகிவிட்டது. அந்தச் சின்னக் காப்புக்காட்டுக்கு எலிசெயோதான் காவலன். அர்துரோ கூரைக்கு மர ஓடு அறுப்பதற்காக உள்ளே விழுந்துகிடந்த ஓர் அலெர்சே மரத்தில் ரம்பம் வைத்தான். செத்த மரமானாலும் அங்கே தொடக்கூடாது. எலிசெயோ மேலிடத்துக்குச் சொன்னான். ஆட்கள் வந்து ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு, அம்மாவைப் புதைத்த அன்றுகூட இருவரும் குழியின் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் நின்றார்கள்.

எலிசெயோ போன்சோப் போர்வையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு மலையேறினான். அண்ணன் வேறு ரம்பம் வாங்கிவிட்டதாக ஊரில் பேச்சு. மறுபடி மரத்தில் கைவைத்திருந்தால் மறுபடி சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பயத்தோடுதான் மூங்கில் புதர்களை விலக்கி நடந்தான். மேலே போகப்போக மூடுபனி இறங்கியது. பாசி மூடிய வேர்களுக்கிடையே இடுப்பளவு பள்ளங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையைத் தவிர வேறு பதில் இல்லை. ஓரிடத்தில் நின்று மூச்சை அடக்கிக் காதுகொடுத்தபோதுதான், ரம்பச் சத்தம் கேட்காதா என்று தான் ஏங்குவது அவனுக்கே தெரிந்தது. அறுக்கட்டும். எந்த மரத்தை வேண்டுமானாலும் அறுக்கட்டும்.

ஓடைக்கு அப்பால் யாரோ கரகரத்த குரலில் திட்டுவது கேட்டது. மழையை, மலையை, கடைசியாக ஒரு கன்றுக்குட்டியின் பரம்பரையை.

பெரிய அலெர்சே ஒன்றின் பொந்துக்குள், வீங்கிய காலை நீட்டி அர்துரோ உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கயிறு மட்டும். எலிசெயோவின் கண் அந்தக் கயிற்றின்மேல் ஒரு கணம் நின்றது.

"என்ன, ரம்பத்தைத் தேடுறியா?"

"சத்தம் கேக்காதான்னுதாண்ணே வழியெல்லாம் ஏங்கிட்டு வந்தேன்."

அர்துரோ தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கன்னு தப்பி உள்ள வந்துருச்சுடா. உன் மரக்கன்னையெல்லாம் கடிச்சுதுன்னா அதுக்கும் ஆள் கூட்டிட்டு வருவியே," என்றான்.

"அது உன் வேலிக்கிட்ட நின்னு மேயுது. வர்றப்பப் பாத்தேன்."

அர்துரோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் வலித்தது, வலியோடும் சிரித்தான். எலிசெயோ அவன் எதிரே குந்தி, மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தான்.

அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு சுகாவோ குருவி கூவியது. வலப்பக்கம் கூவினால் நல்லது, இடப்பக்கம் என்றால் போன காரியம் கெட்டது. அந்த மலையில் பிறந்தவர்கள் யாரும் அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கமாட்டார்கள்.

"எனக்கு வலப்பக்கம்," என்றான் அர்துரோ வாயில் ரொட்டியோடு. "உனக்குத்தான் இடது."

எலிசெயோ எழுந்தான். ஈரப் போன்சோவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் நுழைந்து, திரும்பி, அண்ணனை ஒட்டி அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தான். குருவி இன்னொரு முறை கூவட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.