மொதக் கூவுற சேவல்

கோழிக்குஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் சேவலா பெட்டையா என்று இசைவாணி சொல்லிவிடுவாள் என்பது ஒத்தக்கடையில் அவள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஐந்தாவது வாரம் குஞ்சைக் கையில் எடுப்பாள். கொண்டை சிவக்கிறதா, கால் தடித்திருக்கிறதா, நிற்கும்போது நெஞ்சைத் தூக்குகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மரியம் பீவி தன் வீட்டுக் குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து இவளிடம்தான் பிரித்துத் தரக் கேட்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சில்கிக் கோழி ஏழு மாதம் தண்ணி காட்டியது.

வெறும் கெட்டிக்காரத்தனம் தோற்ற கதை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதில் சாமி காரியம் இருந்தது. போன கார்த்திகையில் அவள் மகள் பவதாரிணிக்கு டெங்கு. ஒன்பது வயதுப் பிள்ளை. பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றபடி இசைவாணி குலசாமியைக் கூப்பிட்டாள். "கருப்பா, எம்பிள்ளய வீட்டுக்கு அனுப்பி வச்சிரு. எங்க வீட்டுல மொதக் கூவுற சேவல் உனக்கு."

ஊர் உலகத்தில் எல்லாரும் கிடாய் நேர்ந்துவிடுவார்கள். இவள் கிடாய்க்கு எங்கே போவாள்? வீட்டில் பதினோரு நாட்டுக்குஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, அந்த நினைப்பில் வாயில் வந்துவிட்டது. பிள்ளை பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கூண்டு காலி. வெள்ளைக் கழிச்சல் வந்து பதினொன்றும் போயிருந்தது. தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று, குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மரியம் பீவி அழுதாள். இசைவாணி அழவில்லை. பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் யாருக்குக் கோழிக்காக அழத் தோன்றும்?

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட வேலையை அவள் புருஷன் முத்துக்குமரன் தை மாதம் செய்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடைச் சிப்பந்தி அவன். காய்ச்சலுக்குப் பிறகு சோறே இறங்காமல் குச்சியாகிக் கிடந்த மகள், போனில் சில்கிக் கோழியைப் பார்த்துச் சிரித்தாள் என்று, சோழவந்தானில் இம்மானுவேல் என்பவனிடம் போய் இரண்டு குஞ்சு வாங்கி வந்துவிட்டான். இறகா அது? வெள்ளை மயிர். தோலோ அடுப்புக்கரி நிறம். காலில் ஐந்து விரல். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் நேர்த்திக்கடன் ஞாபகத்துக்கு வரவில்லை. மாசியில் ஒரு குஞ்சைப் பூனை கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒன்றுக்குப் பவதாரிணி 'இடியாப்பம்' என்று பேர் வைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்த்திச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இசைவாணிக்குச் சுருக்கென்றது. வீட்டில் இப்போது இருப்பதே இது ஒன்றுதான். இது சேவலாக இருந்தால்?

அன்றைக்கே தூக்கிப் பார்த்தாள். கொண்டையைத் தேடினாள், தலை மயிருக்குள் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பரு இருந்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வால் இல்லை. கால் மயிருக்குள். நாட்டுக்கோழியில் அவளுக்குத் தெரிந்த அத்தனை அடையாளத்தையும் இது மூடி வைத்திருந்தது. வைகாசியில் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டியிருந்த இம்மானுவேல் வீட்டுக்கே போய்விட்டாள்.

அவன் தலை மயிரை ஊதிப் பார்த்தான். "உச்சி மயிரு பந்து மாதிரி உருண்டு இருந்தா பொட்டக்கா. பின்னாடி வாரிவிட்ட மாதிரி இருந்தா சேவலு."

"இது எப்படி இருக்கு தம்பி?"

"ரெண்டுங்கெட்டானா இருக்கு."

"பத்து வருசமா வளக்குறீங்க. ஒரு வார்த்த தெரியாதா?"

"எட்டு மாசம் வரைக்கும் நானே வாயத் தொறக்க மாட்டேங்க்கா. பொட்டன்னு வித்தது கூவும், சேவல்னு வித்தது முட்ட போடும், சண்டைக்கு வருவாங்க. முட்ட போட்டா பொட்ட, கூவுனா சேவல். அம்புட்டுத்தான் கணக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டான்.

"பொட்ட" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிள்ளையிடம் மறைக்க நினைத்தாள். வீட்டில் மறைவு ஏது, ஒருநாள் அப்பாவும் அம்மாவும் பேசியதை அவள் கேட்டுவிட்டாள். அழுது புரளுவாள் என்று பயந்தார்கள். அவள் நிதானமாகக் கேட்டாள்: "இடியாப்பத்தக் கருப்பு கேட்டாரா, நீயாச் சொன்னியாம்மா?"

இசைவாணி அரிசி களைய எழுந்து போனாள். பிள்ளை பின்னாலேயே வந்தாள்.

"பொட்டயா இருந்தா?"

"பொட்டயா இருந்தா சாமிக்கு வேணாம். நம்ம வீட்டுலயே இருக்கும்."

அன்றிலிருந்து பவதாரிணி அந்தக் கோழியைப் பெட்டையாக்கும் வேலையில் இறங்கினாள். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு முட்டையிட இடம் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவாள். உச்சி மயிரைத் தண்ணீர் தொட்டு உருட்டி உருட்டிப் பந்தாக்குவாள். மறுநாள் அது கலைந்திருக்கும், மறுபடி உருட்டுவாள். இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு தாய் எப்படிக் குழம்பு கூட்டுவாள்? உப்பைப் போட்டோமா போடவில்லையா என்றே தெரியாது.

ஆனி கடைசியில் முத்துக்குமரன் ஒரு யோசனை சொன்னான். "மேலூர்ச் சந்தையில ஒரு நாட்டுச்சேவல் வாங்கிட்டு வாரேன். அத அறுத்துருவோம்."

"சேவல்னு மட்டும் சொல்லியிருந்தா அறுக்கலாம். வீட்டுல மொதக் கூவுறதுன்னுல்ல சொல்லித் தொலச்சேன்."

"அதான் சொல்றேன். அது நம்ம வீட்டுல வந்து மொதக் கூவட்டும். வாக்கும் தப்பல, பிள்ளயும் அழுகல."

சாமியை ஏமாற்றுகிறோமோ என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது, வார்த்தைக்கு வார்த்தை சரி. ஆடி பிறந்ததும் சேவல் வந்தது. செவலை நிறம், ஆளைக் கொத்துகிற பார்வை. சந்தையில் கூவிய கூவலில் காது கிழிந்தது என்று முத்துக்குமரன் பெருமையாகச் சொன்னான். பின்வாசலில் மூங்கில் பஞ்சாரக்கூடையால் அதைக் கவிழ்த்து மூடி, கம்பும் சோளமும் இறைத்து, மூன்று பேரும் அது வாயைத் திறக்கக் காத்திருந்தார்கள்.

அது திறக்கவில்லை. புது இடம். முதல் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. இரண்டாம் நாள் தின்றது. மூன்றாம் நாளும் தின்றது. தெருவில் நாலு வீட்டுச் சேவல் கூவியும் இது ஊமையாக நின்றது. பவதாரிணி பஞ்சாரத்தின் முன்னால் குத்தவைத்து, "கொக்கரக்கோ சொல்லு, சொல்லு" என்று கூவிக் காட்டினாள். மரியம் பீவி மதில்மேல் கையை ஊன்றி, "அல்லாவே, இம்புட்டுத் தீனியும் தின்னுப்புட்டு இது என்ன அழுத்தம்" என்று திட்டிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் விடியற்காலை, முத்துக்குமரன் மார்க்கெட்டுக்குப் போன பிறகு, பின்வாசலில் ஒரு சத்தம். கம்மிய, பாதியில் முறிந்த கூவல். இசைவாணி கதவைத் திறந்து ஓடினாள். செவலைச் சேவல் பஞ்சாரத்துக்குள் கண்ணைச் சுழற்றியபடி சும்மா நின்றது. பஞ்சாரத்தின் உச்சியில் இடியாப்பம் ஏறி நின்றிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது கழுத்தை நீட்டி இன்னொரு தடவை கூவியது.

அவளைத் தள்ளிக்கொண்டு பவதாரிணி ஓடிவந்தாள். கோழியைப் பிடித்து மடியில் அமுக்கி, அதன் அலகை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கூவலம்மா. இருமுச்சு. சளி பிடிச்சிருக்கு." அவள் சொல்லி முடிக்கவில்லை, பஞ்சாரத்துக்குள் செவலை இறக்கையை அடித்து நிமிர்ந்து, தெருவே எழுந்திருக்கும்படி முழுக் கூவலாகக் கூவியது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் என்ன கேடு வந்திருக்கும் அதற்கு?

"கருப்பு கேட்டுருப்பாராம்மா?" என்று பிள்ளை கேட்டாள். இசைவாணி அவளையும் கோழியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கொடுத்த வாக்கில் பிசகினால், கொடுத்த பிள்ளையைச் சாமி திருப்பிக் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். படித்தவர்கள் சிரிக்கலாம். பதினெட்டாயிரம் என்ற எண்ணைக் கேட்டுக்கொண்டு அந்த வராந்தாவில் நின்றவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை காலை பவதாரிணி தன் கையால் இடியாப்பத்துக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். யூனிபார்மில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரைத் தட்டிவிடவில்லை. "சேவல்தானம்மா? நல்லாப் பாத்தியா?" என்றாள். "என் கண்ணால பாத்தேன்டி." பிள்ளை பள்ளிக்கூட வேனில் ஏறிக்கொண்டாள்.

மேலூரைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் கருப்பு கோயில். பூசாரி கோழியைக் கையில் வாங்கி, மயிரை விலக்கித் தோலைப் பார்த்து அசந்துபோனார். "வெளிய வெள்ள, உள்ள கருப்பு. அவனுக்குன்னே பொறந்திருக்கு" என்றார். பிறகு செம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்தார். கோழி உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. சிலிர்க்காததை அறுப்பதில்லை.

அது சிலிர்க்கவில்லை. நாட்டுக்கோழி இறகில் தண்ணீர் பட்டால் உதறிவிடும். இந்த மயிர் தண்ணீரைக் குடித்துக்கொண்டது. இரண்டாவது செம்பு. மயிரெல்லாம் உடம்போடு ஒட்டி, அந்தப் பெரிய பந்து கைக்கடக்கமாகச் சுருங்கிப்போனது. இசைவாணி முத்துக்குமரனைப் பார்த்தாள், அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவு இல்லை என்று வந்துவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கருப்பா வேண்டாம் என்று சொல்லிவிடு, வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது செம்பு. கண்மாய்ப் பக்கமிருந்து ஆடிக்காற்று ஒரு வீசு வீசியது. நனைந்த கோழிக்கு வெடவெடவென்று உதறியது.

"உத்தரவு கொடுத்துட்டான்" என்றார் பூசாரி.

அது குளிரில் நடுங்கியது என்று இசைவாணிக்குத் தெரியும். சாமி முன்னால் நின்று சாமியோடு யார் வாதாட முடியும்?

புளியமரத்தடியில் மயிர் பறித்துச் சுத்தம் செய்கிற ஆள் வயிற்றைக் கீறியவன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்று பூசாரியைக் கூப்பிட்டான். கரிய வயிற்றுக்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டைக் கருக்குலை. சிறிதும் பெரிதுமாக ஏழெட்டு. அதற்குக் கீழே ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று, இன்றோ நாளையோ அட்டைப்பெட்டி வைக்கோலில் விழ வேண்டியது.

"பொட்டயக் கொண்டாந்திருக்கீங்களேம்மா" என்றார் பூசாரி.

"கூவுச்சுங்க. என் கண்ணு முன்னால கூவுச்சு."

"அபூர்வமா ஒண்ணு ரெண்டு பொட்டயும் கூவும். இது கணக்குல வராது. ஒங்க வீட்டுல மொதக் கூவுன சேவல் எதோ, அதக் கொண்டாந்து அடுத்த வெள்ளிக்குள்ள முடிச்சிருங்க."

வீட்டில் முதலில் கூவிய சேவல். செவலைதான். போட்ட கணக்கு அன்றைக்கே பலித்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியவில்லை. ஊரில் உள்ள குஞ்சையெல்லாம் பிரித்துச் சொன்ன கை, தன் பிள்ளையின் கோழியைக் கொண்டுவந்து வீணாகக் கொடுத்துவிட்டது. கோழியைக் கண்மாய்க்கரையிலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் முத்துக்குமரன், "பிள்ளகிட்டச் சொல்லவேண்டாம் இசை" என்று மட்டும் சொன்னான். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஒத்தக்கடை வரைக்கும் அழுதாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய பவதாரிணி வாசலிலேயே நின்றாள்.

"சேவல்தானேம்மா?"

"சேவல்தான்டி."

"கருப்பு வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு."

"அப்ப எனக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுடி, என் தங்கம்."

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டாள். பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அட்டைப்பெட்டியிலிருந்த வைக்கோலை எடுத்துப் பஞ்சாரத்துக்குள் செவலையின் காலடியில் பரப்பினாள். கம்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அது ஒரு தடவை கொத்திவிட்டு, அப்புறம் பதமாகப் பொறுக்க ஆரம்பித்தது.

"அம்மா, இதுதான் மொதல்ல கூவலையே. இதக் கருப்பு கேக்கமாட்டாருல்ல? இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்மா."

இசைவாணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவதாரிணி பஞ்சாரத்துக்குள் கையை விட்டு அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, "ஒம் பேரு பூரி" என்றாள்.