காலியாக இருந்த மூன்று கட்டங்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'தசமம்'. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள்தான் அந்த மூன்று கட்டங்களில் கோட்டை விட்டாள்.

ஒவ்வொரு வட்டாரத்தின் மண், காற்று, நிலத்தடி நீர் எல்லாம் இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. ஐம்பதுக்குக் கீழே போன வட்டாரங்களுக்கு முதலில் குடிநீர்க் குழாய் வரும். கிழக்கு வட்டாரத்தின் படிவத்தில் மூன்று கிணறுகளுக்கு நீர்மட்டம் எழுதப்படவில்லை. அளக்கப் போனவர் மழைக்குப் பயந்து பாதியில் திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அன்று மாலையே கெடு. மேலதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கிணறுகளின் சராசரியை எடுத்து மூன்றிலும் நிரப்பினாள். விதியிலும் அதற்கு இடமிருந்தது. வட்டாரத்துக்கு ஐம்பத்திரண்டு கிடைத்தது; குழாய்ப் பட்டியலில் அது ஏறவில்லை.

நான்கு மாதம் கழித்து, புதுப் படிவங்கள் வாங்க வந்த அளவையாளரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஏண்ணே, அன்னைக்கு மூணு கிணத்தை அளக்காமலே வந்துட்டீங்களே, மழையா?"

"மழையா? நல்லா கேட்டீங்க போங்க! நாடாவை அடி வரைக்கும் விட்டேம்மா. வெறும் மண்ணுதான் ஒட்டிட்டு வந்துச்சு. தண்ணி இருந்தாத்தானே மட்டம் எழுத முடியும்?"

அவள் பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். "வறண்டு போச்சுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுத அதுல இடம் எங்கம்மா இருக்கு? நம்பர் மட்டும்தானே கேக்குது."

அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே அவள்தான்.

மறுபடி கணக்குப் போட்டாள். நாற்பத்தாறு புள்ளி எட்டு. தாளை எடுத்துக்கொண்டு நேரே மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"பட்டியல் வெளியாகி, வேலையும் ஆரம்பிச்சாச்சு. இனி அடுத்த கணக்கெடுப்புலதான், மூணு வருஷம் ஆகும்" என்றார் அவர். "விதிப்படிதானே செஞ்சீங்க, விடுங்க."

அவளால் விட முடியவில்லை. திருத்தம் கேட்டு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கிழக்கு வட்டாரத்துக்கே போனாள். தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்ற ஒரு பெண், இவள் எந்த அலுவலகம் என்று தெரிந்ததும் கேட்டாள்: "எங்களுக்கு எப்ப மேடம் குழாய் வரும்?"

"மூணு வருஷம் ஆகும்மா. தப்பு என்னோடது. கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை. "மூணு வருஷமா?" என்றாள். "என் பொண்ணு தண்ணிக்கு நின்னு நின்னே காலையில முதல் பீரியடை விட்டுடறா. அதுக்குள்ள அவ பள்ளிக்கூடமே முடிஞ்சிடுமே." அதற்குள் லாரி வந்துவிட, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த கணக்கெடுப்பில் வட்டாரம் பட்டியலில் ஏறியது. குழாய் திறந்த அன்று போய் அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்தாள். போன வருஷமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.