புறா விரட்டிய சிடி

அப்பா மகளின் கடைக்குள் வருவதே இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். மகள்தான் வெளியே ஓடிப்போய் என்ன ஏது என்று கேட்க வேண்டும். அன்று மதியம் அவர் காரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

முன்னறை அவள் கணவனின் ஸ்டுடியோ. பின்னறை அவளுடையது. ஒரு கணினி, சிடி எழுதும் இரண்டு பெட்டிகள், மேஜை நிறையக் காலி சிடிகள். பென் டிரைவ் எங்கேயாவது தொலைந்துபோகும், சிடி என்றால் பீரோவில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிற வாடிக்கையாளர்கள் இன்னமும் இருந்தார்கள்.

அப்பா முதலில் மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்டார். அதன் பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து அந்தச் சிடியை எடுத்தார். வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும் சிடி. அம்மா போனதிலிருந்து தினமும் அதைத்தான் போட்டுப் பார்க்கிறாராம்.

"உங்கம்மா எல்லாத்துலயும் இருக்கா. ஆனா முதுகுதான் தெரியுது" என்றார்.

மகளுக்கு உடனே விளங்கியது. யாருக்காவது தட்டை நீட்டிக்கொண்டு, எதையாவது எடுக்கக் குனிந்துகொண்டு, படம் எடுக்கிற நேரம் பார்த்து அடுப்பை அணைக்க ஓடிக்கொண்டு... அம்மா அப்படித்தான். அவளைத் துரத்தித் துரத்தி முகத்தைப் படம் பிடித்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான். தம்பி.

அப்பாவிடமே தொழில் கற்று, அப்பாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு நேர் எதிரே சொந்தமாக இன்னொன்று திறந்தவன். காருக்கு அடித்த பெயின்ட் கூட அதே நிறம். திறந்த வாரமே அப்பா இதே சிடியைக் கொண்டுவந்து, அந்தப் பயல் எடுத்த படம் ஒன்றுகூட இதில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மகள் தம்பியின் ஃபோல்டரை எடுத்துவிட்டாள். தம்பி கொடுத்ததை அப்படியே சிடியில் ஏற்றியவள் அவள். உள்ளே என்ன இருந்தது என்று பார்த்ததுகூட இல்லை. பிறகு தம்பியின் போனும் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. சாவு வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றிரவு தம்பி அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்: அம்மா படம் ஏதாவது உன்னிடம் இருக்கா?

"அழிச்சதைத் திரும்பக் கொண்டாற முடியாதுல்ல?" என்று அப்பா கேட்டார். முடியாது என்று அவள் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம் என்பதுபோல இருந்தது குரல்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். மற்ற கடைக்காரர்கள் சிடி எழுதி முடித்ததும், இனி இதில் எதுவும் சேர்க்க முடியாதபடி மூடிவிடுவார்கள். அவள் மூடமாட்டாள். எந்த வாடிக்கையாளரும் மறுவாரமே இன்னும் நாலு படத்தோடு வந்து நிற்பார் என்பது அவள் கணக்கு. தாழ்ப்பாள் இல்லாத வீடு என்று கணவன் கிண்டல் செய்வான். மூடாத சிடியில் மறுபடி எழுதும்போது மென்பொருள் பழைய பட்டியலைக் கொண்டுவந்து காட்டும். வேண்டாததை அதிலிருந்து நீக்கிவிட்டுப் புதுப் பட்டியல் எழுதலாம். கணினி கடைசிப் பட்டியலைத்தான் பார்க்கும். ஆனால் சிடி ஒன்றும் சிலேட்டு இல்லை, துடைத்தால் போவதற்கு. முதலில் எழுதியது எழுதிய இடத்திலேயே கிடக்கும். பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்பி கேட்ட இரவிலும் அப்பாவிடம் போய்ச் சிடியைக் கேட்டு வாங்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

இப்போது சொன்னாள். அப்பா ஸ்டூலோடு முன்னால் நகர்ந்து வந்தார்.

சிடியைப் போட்டு, எழுதியவற்றை வரிசையாகக் காட்டும் மென்பொருளைத் திறந்தாள். ஒவ்வொரு முறை எழுதியதும் ஒரு செஷன். இதில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீறலே இல்லாத புதுச் சிடி. மேலே இருந்தது அவள் கணவனின் கோழிக் கிறுக்கல்.

கூப்பிட்டதும் கணவன் லென்ஸைத் துடைத்தபடியே வந்தான். போன மாதம் சிடி திக்குகிறது என்று மாமா கொடுத்தாராம். தெரிகிற படங்களை எல்லாம் எடுத்துப் புதுசில் போட்டு, ஒழுங்காக மூடியும் கொடுத்தானாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வேறு.

"பழசு எங்கங்க?"

அவன் மேலே பார்த்தான். மாடி பால்கனியில் புறாத் தொல்லை தாங்காமல், கெட்டுப்போன சிடிகளை நூலில் கோத்து அவன்தான் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான்.

மூவரும் படியேறினார்கள். சிடிகள் வெயிலில் சுற்றிச் சுற்றிச் சுவரெல்லாம் வெளிச்சத்தை வாரி இறைத்தன. கைப்பிடிக் கம்பியில் இரண்டு புறாக்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன. அப்பா அவற்றையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார்.

"நல்லா பயந்திருக்குங்க" என்றார்.

மேலே எழுதியிருந்ததெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது. மகள் ஒவ்வொன்றாக அவிழ்த்து அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு முறை எழுதிய சிடியில், எழுதிய பகுதி இரண்டு வளையமாக, நடுவே மெல்லிய கோட்டோடு தெரியும். வரிசையின் ஓரத்தில் தொங்கியதில் அந்தக் கோடு இருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் கம்பியில் மோதி மோதி அதன் விளிம்பு முழுவதும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

கீழே வந்து மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தாள். பெட்டி அதை விழுங்கியது. முனகியது, டக் டக்கென்று அடித்துக்கொண்டது, கடைசியில் படிக்க முடியவில்லை என்று திரையில் சொல்லிவிட்டது.

"போச்சா?" என்றார் அப்பா.

"கடைசியா எழுதினது போச்சுப்பா. சிடியில உள்ளேயிருந்து வெளியேதான் எழுதிட்டு வரும். முதல்ல எழுதினது நடுவுல இருக்கு. அங்க அடிபடல."

முதல் செஷனைத் தேர்ந்தெடுத்தாள். ஃபோல்டர்கள் வந்தன, தம்பியுடையதும். திறந்து பார்க்க அப்பா அவசரப்பட்டார். முதலில் கணினிக்கு எடுத்துவிடலாம், இன்னொரு முறை படிக்குமோ என்னவோ என்று மகள் தடுத்தாள். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

புகைப்படங்கள் பாதிதான் தேறின. வீடியோ ஒன்று ஏறக்குறைய முழுதாக வந்திருந்தது.

திறந்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அம்மா.

அப்பாவின் கார்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தம்பி எடுத்திருக்கிறான். கண்ணாடிக்கு வெளியே ஏதோ வெட்டவெளி மைதானம். "கிளட்ச்சு, கிளட்ச்சும்மா" என்று அவன் குரல் கேட்கிறது. வண்டி குலுங்கி நிற்கிறது. அம்மா கேமராவின் பக்கம் முழு முகத்தையும் திருப்பிச் சிரிக்கிறாள்.

"உங்கப்பாகிட்டச் சொல்லிடாதடா. அவர் பக்கத்துல உக்காந்தா அவரே பிரேக்கைப் போட்டுடுவாரு. அப்புறம் நான் எப்ப ஓட்டுறது?"

வண்டி மறுபடி கிளம்பி மைதானத்தைச் சுற்றியது. அம்மா நாக்கைக் கடித்தபடி நேரே பார்த்து ஓட்டினாள். முடியும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிரிப்பு மட்டும் சிறிது நேரம் கேட்டது.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேர்டு கியர் போட்டிருக்கணும்" என்றார் பிறகு. "செகண்டுலயே ஓட்டுறா."

திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தரமும் போடச் சொன்னார். செய்த தவறைச் சரிக்கட்டும் அவசரம் மாப்பிள்ளைக்கு. மாமா மனம் சங்கடப்படுமென்றால் மச்சான் குரலை மட்டும் எடுத்துவிடலாம், அத்தை பேசுவது தனியாக இருக்கும் என்றான்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் குரலை எடுத்துட்டா, அவ யார்கிட்டப் பேசிட்டு இருக்கா?"

மகள் தலை குனிந்தபடி காலி சிடி ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். இன்னொரு பெட்டியிலும் ஒன்று வைக்கச் சொன்னார் அப்பா. யாருக்கென்று அவள் கேட்கவில்லை. தம்பியை இங்கே வரச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

"வேணாம். எனக்கு எதிர்க்கடைதானே, நானே குடுத்துக்கிறேன்" என்றார். எழுதி முடித்து வெளியே வந்த சிடியைக் கையில் வாங்கி, சூடு ஆறட்டும் என்பதுபோல ஓரங்களில் பிடித்துக்கொண்டார். "அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மைதானத்தோட நிறுத்திட்டாளா, இல்ல ரோட்டுலயும் ஓட்டினாளான்னு. அது அவனுக்குத்தானே தெரியும்."